இடது காலுக்கு ஒரு பெடல்

அத்தியாயம் 11

கெர்ட்ரூட்டின் வாயில் எப்போதும் தயாராக நிற்கும் ஒரு சொல் உண்டு. "ஆச்சு."

கேஸ் தீர்ந்துபோச்சே, போன் பண்ணிட்டியா? ஆச்சு. தண்ணி பில்லு கட்டிட்டியா? ஆச்சு. கேட்டவர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் அவள் போனையே கையில் எடுப்பாள். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் சொன்ன வேலையை எப்படியாவது முடித்துவிடுகிற கெட்டிக்காரி அவள். அதனால் இருபத்திநாலு வருஷக் குடித்தனத்தில் இதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை.

இரண்டே இரண்டு காரியங்கள் மட்டும் முடியாமல் கிடந்துவிட்டன. இரண்டுமே அவள் கணவன் லூயிஸின் காரைப் பற்றியவை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இதை மட்டும் சொல்லிவிட்டால் போதும். ஜெலாப்பாங்கில் ஒரு டைல்ஸ் கிடங்கில் ஸ்டோர் பார்க்கும் லூயிஸுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதியால் வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஆறு மாசம் வீட்டு நாற்காலியே கதி என்று கிடந்த மனுஷனை எழுப்பி நிற்க வைத்தது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தனேஸ்வரன். பிரேக்குக்கு இடது பக்கம் இன்னொரு எண்ணெய்ப் பெடலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, பொருத்திக் கொடுத்தான். இடது காலாலேயே லூயிஸ் மறுபடி கார் ஓட்டினார். தஞ்சோங் மாலிமில் டீச்சர் படிப்புப் படிக்கும் மகள் கார்மென் ஓட்டும்போது அந்தப் பெடலை மேலே மடக்கிக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால் அதுவும் மற்ற கார்களைப் போல ஒரு கார்.

சனிக்கிழமை காலை, புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் 'பி' லைசென்ஸ் எடுத்து இரண்டே மாசமான கார்மென், அம்மா ஆர்டருக்குப் பொரித்துக் கொடுத்த இருநூறு கறிபாப்பை ஒரு தொழிற்சாலைக் கண்டீனுக்குக் கொண்டுபோனாள். சிவப்பு விளக்கில் நிறுத்தப் போன இடத்தில் கார் பாய்ந்து, முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளை அடித்துத் தள்ளியது. சுரேன் என்ற பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கார்மெனுக்கு ஒரு கீறல் கூட இல்லை.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

காலை எட்டே காலுக்குத் தனேஸ்வரன் போன் பண்ணினான்.

"அக்கா, இன்ஷூரன்ஸ் அனுப்புற ஆளு மூனு மணிக்கு வாராராம். காரப் பாக்க."

"சரி."

"அந்தப் பெடலு... நாலு போல்ட்டுதான்கா. கழட்டி உள்ள வச்சிரவா? இருந்துச்சுன்னா கேள்வி வரும்லா."

கெர்ட்ரூட் குசினி வாசலில் இருந்து ஹாலைப் பார்த்தாள். லூயிஸ் கட்டிலில் உட்கார்ந்து பொய்க்காலின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"கழட்டிரு," என்றாள் மெதுவாக.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மார்ச் மாசம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏஜெண்டு ராமையா ஒழுங்காகத்தான் கேட்டார். "தங்கச்சி, காருல ஏதாச்சும் மாத்தி கீத்தி இருக்கா? இருந்தா பாரத்துல போடணும். போடாம விட்டா பின்னால கிளெயிம் நிக்காது."

அவளுக்குத் தெரியாதா? ஆமாம் என்று சொன்னால் டாக்டர் கடிதம் கேட்பார்கள், காரைச் சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள், லூயிஸின் லைசென்ஸை மாற்றச் சொல்வார்கள். அதெல்லாம் முடிகிற வரைக்கும் கார் போர்ச்சில் கிடக்கும், லூயிஸ் நாற்காலியில் கிடப்பார். அந்த ஆறு மாசம் அவர் அணைத்துவைத்த டீவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கவில்லை.

"ஒன்னும் இல்லண்ணே," என்றாள்.

அன்று சாயங்காலம் லூயிஸ் கேட்டார். "பெடலப் பத்திச் சொல்லிட்டியா?"

"ஆச்சு."

அதோடு நின்றிருந்தால் கூடத் தேவலை. கார்மெனுக்கு லைசென்ஸ் கிடைத்ததும் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய சின்னக் கார் விலைக்கு வந்தது. லூயிஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்றார். கெர்ட்ரூட் ராமையாவிடம் விசாரித்தாள். லூயிஸ் இத்தனை வருஷமாக ஒரு கிளெயிமும் எடுக்காததால் அவருக்கு ஐம்பத்தைந்து சதவீதம் தள்ளுபடி. பத்தொன்பது வயசுப் பெண், புது லைசென்ஸ், அவள் பெயரில் எடுத்தால் தள்ளுபடி சைபர். அப்பா கட்டுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றார் அவர்.

"டாடி காரு என்ன சும்மாவா இருக்கு? சனிக்கிழம வீட்டுக்கு வரப்ப அதயே ஓட்டட்டும். பேர மட்டும் சேத்துருங்கண்ணே," என்று முடிவு செய்தது கெர்ட்ரூட்தான். வேறு யாருமில்லை.

இரண்டாவது காரியம்தான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் காரைக் கூட்டித் துடைக்கும்போது, மடக்கிவைத்திருந்த பெடல் பொத்தென்று அவள் கையில் விழுந்தது. கொக்கி தேய்ந்து வளைந்துபோயிருந்தது. லூயிஸிடம் சொன்னால், தனேஸ் சரி பண்ணுகிற வரைக்கும் கார்மெனைக் காரைத் தொட விடமாட்டார். சனிக்கிழமை இருநூறு கறிபாப்பை யார் கொண்டுபோவது? பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் பேண்ட் இரண்டை எடுத்துக் கொக்கியின் தேய்ந்த இடத்தில் இறுகச் சுற்றினாள். பெடலை மடக்கி மாட்டிப் பார்த்தாள். நின்றது. அடுத்த வாரம் தனேஸிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான் நினைத்தாள்.

விபத்து நடந்த இடத்துக்கு ஓடிப்போனவள் முதலில் மகளைக் கட்டிக்கொண்டாள். அடுத்ததாகக் காருக்குள், தரையில் அறுந்து கிடந்த ரப்பர் பேண்ட் இரண்டையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

கார்மென் பார்த்தது வேறு. பெடல் கீழே இருந்ததை மட்டும் பார்த்தாள். நான்தான் மடக்க மறந்துவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கும் போனில் அதையே சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கெர்ட்ரூட் சொன்னாள்: "பெடலப் பத்தி எழுத வேணாம், பாப்பா. டாடி லைசென்ஸுக்குப் பிரச்சன வரும். எழுதலன்னு அவர்கிட்டயும் சொல்லாத." அப்பாவுக்காக என்றதும் பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. பிரேக் என்று நினைத்து எண்ணெயை மிதித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெற்றவள் அடுத்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நானும் வாரேன் மூனு மணிக்கு," என்றார் லூயிஸ், தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே.

"வேணாங்க. வெயிலு. நான் பாத்துக்கிறேன்."

"என் காருலா, கெர்ட்டி."

"எல்லாம் தனேஸ்கிட்ட பேசியாச்சு. நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

லூயிஸ் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "ஏறுன உடனே மடக்கு, கையால தொட்டுப் பாருன்னு ரெண்டு தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன். புள்ள மறந்துருச்சு. அந்தப் பையன் கால நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே கார்மென் இருந்தாள். கெர்ட்ரூட் கழுவின தம்ளரையே மறுபடி கழுவினாள்.

பகல் பன்னிரண்டரைக்கு வார்டு திறப்பார்கள். போயே ஆக வேண்டும் என்று கார்மென் ஒற்றைக் காலில் நின்றதால் கெர்ட்ரூட்டும் கூடப் போனாள்.

சுரேன் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் செய்து தொடைக்குள் கம்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அம்மா நல்லம்மாள். கோப்பெங்கிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நான்தான் அந்தக் காரு..." என்று தொடங்கினாள் கார்மென். அப்படியே தரையில் உட்கார்ந்து நல்லம்மாளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரி. கால விடு, பாப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

கார்மென் விடவில்லை. நல்லம்மாளே குனிந்து அவளைத் தூக்கிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தாள்.

"மூனு நாளா வாசலயே பாத்துக்கிட்டு இருக்கேன். யாராச்சும் வருவாங்க, வந்தா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு. இது மொகத்தப் பாத்தா கேக்க வரல," என்றாள் கெர்ட்ரூட்டைப் பார்த்து. பிறகு கார்மெனிடம், "எப்புடி நடந்துச்சு?"

"என் தப்புதான் ஆன்ட்டி. பெடல மாத்தி மிதிச்சுட்டேன்."

நல்லம்மாள் மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "தெரியாம செஞ்சத என்னன்னு சொல்றது. தெரிஞ்சே எவனாச்சும் செஞ்சிருந்தா நான் சும்மா விட மாட்டேன், அக்கா. எஸ்டேட்டுல ரப்பர்ப் பால் வெட்டுன காலத்துலயே வேல வாங்குற மண்டோர எதுத்து நின்னவ நான். புருஷன் போனப்புறம் இவன ஒத்தையா வளத்தேன்."

இந்த இடத்திலேயே, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று கெர்ட்ரூட் வாயைத் திறந்தாள்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்கம்மா," என்றுதான் வாய் சொன்னது. சொன்ன மாத்திரத்தில் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது கார்மென் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மம்மி, நான் தஞ்சோங் மாலிம் திரும்பிப் போகல."

"என்ன பேச்சு இது?"

"டீச்சராகி நான் யாருக்கு என்ன சொல்லிக்குடுக்க? ஒரு பெடல மடக்கத் தெரியல. இங்கயே வேலைக்குப் போறேன். சுரேன் அண்ணன் நடக்கற வரைக்கும் அவங்க வீட்டுக்குக் குடுக்கணும். லைசென்ஸையும் இனிமே தொட மாட்டேன்."

"பாப்பா..."

"ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க மம்மி. டாடிகிட்ட நீங்களே பேசிருங்க."

முதல் தடவையாகக் கெர்ட்ரூட்டுக்கு அந்தச் சொல் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. முன் பக்கம் நசுங்கிய கார் ஓரமாக நின்றது. தனேஸ்வரன் கெர்ட்ரூட்டைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். கார்மென் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். இடது பக்கத்துப் பெடல் இல்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வேறெங்கோ பார்த்தாள். இதுவும் அப்பாவுக்காகத்தான் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் கோகிலன், முப்பது வயசுக்குள் இருப்பான். அமைதியான பேச்சு. காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பிறகு டேப்லெட்டைத் திறந்துவைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, காருல மாத்துன பொருள் ஒன்னும் இல்லதானே? என்ஜின், ஸ்பிரிங், உள்பக்கம் ஏதும்?"

"இல்ல தம்பி."

மார்ச் மாசம் சொன்ன அதே பதில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கைத்தடியை முதலில் ஊன்றி, பிறகு பொய்க்காலை வைத்து, லூயிஸ் இறங்கினார்.

"வர வேணாம்னு சொன்னேன்லங்க," என்றாள் கெர்ட்ரூட்.

"வீட்ல உக்காந்து செவத்தப் பாக்கவா?" என்று சொல்லிக்கொண்டே அவர் நேராகத் தன் காரிடம் போனார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கைத்தடியால் உள்ளே துழாவினார்.

"தனேசு, என் பெடல் எங்க?"

தனேஸ்வரன் கையில் இருந்த துணியைப் பார்த்தான்.

"என்ன பெடல், அங்கிள்?" என்று கேட்டான் கோகிலன்.

"எண்ணெப் பெடலு. இடது காலுக்குப் போட்டது. எனக்கு வலது கால் கெடையாதுலா, தம்பி." கைத்தடியால் பொய்க்காலைத் தட்டிக் காட்டினார். "பாரத்துல இருக்குமே. போட்டுத்தானே ரோட் டேக்ஸ் எடுத்தோம்."

கோகிலன் திரையை மேலும் கீழும் தள்ளினான். "மாற்றம் எதுவும் இல்லன்னு போட்டிருக்கு, அங்கிள்."

"இருக்காது. நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"அப்போ ஏஜெண்டு விட்டிருப்பாரு," என்றார் லூயிஸ், கொஞ்சமும் தயங்காமல். "என் வீட்டுக்காரம்மா சொல்லிட்டேன்னு சொன்னா. அவ சொன்னா சொன்னதுதான். இத்தன வருஷத்துல ஒரு தாளு தப்பினது இல்ல."

கெர்ட்ரூட் இதைவிட ஒரு அடி வாங்கியிருந்தால் தாங்கியிருப்பாள். ராமையா தலையில் போட்டுவிட்டால் போதும், லூயிஸே மேலே பேசிக்கொள்வார். ஏஜெண்டு அறுபது வயசு தாண்டிய மனுஷன், எதையாவது மறந்திருப்பார் என்று எல்லோரும் நம்புவார்கள். ஒரு நிமிஷம் அவளும் அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது அவளைக் காப்பாற்றுகிற பொய்.

"ராமையா அண்ணன் கேட்டாரு," என்றாள். "நான்தான் ஒன்னும் இல்லன்னு சொன்னேன். பெடலக் கழட்டச் சொன்னதும் நான்தான். தனேஸ ஒன்னும் சொல்லாதீங்க."

லூயிஸ் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "ஏன் கெர்ட்டி?"

"தெரிஞ்சா உங்க லைசென்ஸ நிப்பாட்டிருவாங்க. நீங்க மறுபடி அந்த நாக்காலில போய் உக்காந்துருவீங்க. பயந்துட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

கெர்ட்ரூட்டுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சொல்லிவிட்டோம், இனி வருவது வரட்டும் என்று ஒரு மூச்சுக் கூட விட்டாள். பாதியைச் சொன்னவர்களுக்கு முழுதையும் சொன்ன மாதிரி ஒரு நிம்மதி வரும். பொல்லாத நிம்மதி அது.

கோகிலன் சத்தம் போடவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. கழற்றிய பெடலை எடுத்துவரச் சொன்னான். இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டியது தன் வேலை என்றான். காருக்குக் கேட்ட கிளெயிமைக் கம்பெனி நிறுத்திவிடலாம், போலீஸில் வேறொரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருக்கும் என்றான். பிறகு கார்மெனிடம் திரும்பினான்.

"தங்கச்சி, நீங்க ஓட்டுறப்ப இந்தப் பெடலு கீழ இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே. விளக்குக்கிட்ட பிரேக் போடறப்ப இடது கால அதுல ஊனிட்டேன். காரு பாஞ்சிருச்சு." கார்மென் அப்பாவைப் பார்த்தாள். "ஏறுன உடனே மடக்கணும்னு டாடி சொல்லித்தான் குடுத்தாங்க. நான் மறந்துட்டேன். டாடி மேல தப்பு இல்ல. மம்மி மேலயும் இல்ல. ஆள அடிச்சது நான்தான்."

"இத உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ரிப்போர்ட்டோட சேக்கணும்."

கார்மென் டூல்ஸ் மேசை மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். தனேஸ்வரன் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொக்கி வளைஞ்சு கெடக்கு," என்றான். "இடிச்ச இடியில ஆயிருக்கும்."

கோகிலனும் தலையை ஆட்டி அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

முடிந்தது. கெர்ட்ரூட் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ரப்பர் பேண்டை நகராண்மைக் குப்பை லாரி நேற்றே அள்ளிக்கொண்டு போயாயிற்று. இந்த உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பாரத்தில் மறைத்ததற்குப் புருஷன்மேல் இருந்த பாசம் என்று ஒரு சாக்கு இருந்தது, லூயிஸே நாளைக்கு அதை மன்னித்துவிடுவார். இதற்கு என்ன சாக்கு? இருநூறு கறிபாப்பா?

கார்மென் பள்ளிக்கூடத்தில் எழுதுவது போலக் குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் மறந்துவிட்டேன் என்ற வரி முடியப்போகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் பிள்ளை படிப்பை விடப்போகிறது. அந்த வரியைச் சுமந்துகொண்டே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, கிழவியாகி, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிற்கப்போகிறது.

"எழுதாத, பாப்பா," என்றாள் கெர்ட்ரூட்.

கார்மென் நிமிர்ந்தாள்.

"நீ மறக்கல. மடக்கித்தான் வச்சிருந்த. அந்தக் கொக்கி இடிச்சு வளையல. மூனு வாரமாவே அது நிக்கல. எனக்குத் தெரியும். நான் ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருந்தேன். அது அறுந்து பெடலு கீழ விழுந்துருக்கு."

தனேஸ்வரன் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலக்கா," என்றான் தனேஸ்வரன். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் லூயிஸ்.

"சொன்னா நீங்க இவள ஓட்ட விடமாட்டீங்க. சனிக்கிழம ஆர்டர் இருந்துச்சு."

"கறிபாப்புக்காகவா?"

கெர்ட்ரூட் தலையை ஆட்டினாள். அதற்கு மேல் லூயிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்மென் அழவில்லை, கத்தவும் இல்லை. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"மடக்குனது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, மம்மி. கையால தொட்டுப் பாத்தது கூட ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் கீழ கெடந்ததப் பாத்ததும், அதெல்லாம் நானா நெனச்சுக்கிட்டதுன்னு விட்டுட்டேன். மூனு நாளா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"பாப்பா, என்ன மன்னிச்சிரு."

"அந்த ஆன்ட்டி கால்ல நான் விழுந்தப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"நான் பேசப் பேசக் கேட்டுக்கிட்டே நின்னீங்க."

"ஆமா."

கார்மென் பாதி எழுதிய தாளைக் கோகிலனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கெர்ட்ரூட்டின் முன்னால் வைத்தான்.

"நீங்க எழுதுங்க, ஆன்ட்டி. தேதி போட்டு எழுதுங்க. கொக்கி தேஞ்சத என்னைக்குப் பாத்தீங்களோ அந்தத் தேதியும் வேணும்."

எழுதினாள். ஒரு பக்கம் முழுசாக எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கார்மெனும் லூயிஸும் தனேஸ்வரனின் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். லூயிஸ் முன்னால், கார்மென் பின்னால். வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவளே போய்ப் பின் கதவைத் திறந்து ஏறினாள். கார்மென் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"எங்கண்ணே, வீட்டுக்கா?" என்று கேட்டான் தனேஸ்வரன்.

லூயிஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலே கால். நாலரைக்கு வார்டை மறுபடி திறப்பார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போ, தனேசு," என்றாள் கெர்ட்ரூட்.

சாவியைத் திருப்பப் போன தனேஸ்வரனின் கை நின்றது. லூயிஸ் திரும்பாமலே பேசினார்.

"அந்தம்மா போலீசுக்குப் போனாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி. நான் ஒனக்காகப் போய்ப் பேச மாட்டேன், கெர்ட்டி."

"பேச வேணாங்க," என்றாள் அவள்.